ரயில் கேட் அண்ணனும் மனேஜர் நாற்காலியும்

மனேஜர் பதவிக்கு ரயில் கேட் அண்ணனைப்போல ஆசைப்பட்ட ஒருவரை நான் இந்தப் பிறவியில் கண்டதில்லை. அதே பதவிக்காக ஐந்து மணிக்கு மேல் அரை நிமிடம்கூடத் தரமாட்டேன் என்று நின்ற ஒருவரையும் கண்டதில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் எங்கள் ஒஃபிஸுக்கு வந்த சோதனை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இருந்தது அந்த ஒஃபிஸ். கப்பலில் வரும் சாமான்களைத் துறைமுகத்திலிருந்து மீட்டு உரியவர்களிடம் சேர்ப்பது தொழில். கப்பல் எந்த நேரமும் வரும், ஆகவே நாங்களும் எந்த நேரமும் இருக்கவேண்டும் என்பது முதலாளியின் கொள்கை. அவரை எல்லோரும் டிரெக்டர் என்போம். காலை பத்தரைக்கு வருவார். மூன்று மணி வரைக்கும் பேப்பர் வாசிப்பார். நாலே முக்காலுக்கு உள்ளுக்குள் யாரோ சுவிட்ச் போட்டதுபோல எழும்புவார்.

"ஐசே, எல்லாரும் ஒருக்கா வாங்கோ. ஒரு சின்ன விசயம்."

அந்தச் சின்ன விஷயம் முடிய ஏழு மணியாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கழுத்தில் நீல டையும் கையில் ரூலருமாக ஒருவர் என் மேசைக்கு வந்தார். கொட்டாஞ்சேனை வெயிலில் டிரெக்டரே மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு திரிகிற இடத்தில், இவர் கழுத்தை இறுக்கிக் கட்டியிருந்தார். 'இவர்தான் மனேஜராக்கும்' என்று நினைத்து எழும்பி நின்றேன்.

"ஒக்காருங்க தங்கச்சி" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க மனேஜரா வரணும்னு நெனைக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லை அண்ணே. நான் இண்டைக்குத்தானே வந்தனான்."

"நல்லது. அப்ப நாம சிநேகிதமா இருக்கலாம்."

மலையகத்திலிருந்து பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்தவர் அவர். கிளார்க்தான். ஆனால் மனேஜர் ஆவதற்குத் தேவையான எல்லா ஆயத்தமும் செய்து முடித்திருந்தார். மேசை லாச்சியில் 'மனேஜர்' என்று பொன்னெழுத்தில் எழுதிய மரப்பலகை ஒன்று, துணியில் சுற்றியபடி இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மனேஜர் கையெழுத்துப் பழகுவார். முதல் எழுத்து பெரிதாக, கடைசி எழுத்து சவுக்குமாதிரிச் சுழன்று வரும். வொஷ்ரூம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "பாப்போம்... பாத்துச் சொல்றேன்... ஃபைல வச்சிட்டுப் போங்க" என்று மூன்று விதமான குரலில் பழகுவது வெளியே எங்களுக்குக் கேட்கும். மாலை நேர வகுப்புக்குப் போனால் ஐந்து மணிக்குப் பிறகு வேலை செய்த கணக்காகிவிடும் என்று, விடியற்காலையில் எழும்பிப் படித்து இரண்டு பரீட்சைகள் பாஸ் பண்ணியிருந்தார்.

வேலையில் ஆள் புலி. எட்டரைக்கு உட்கார்ந்தாரென்றால் நாங்கள் மூன்று பேர் செய்கிற வேலையை ஒருவராகவே செய்வார். சுங்கப் பத்திரத்தில் அவர் விட்ட பிழையை எவரும் பார்த்ததில்லை. எல்லாம் ஐந்து மணி வரைதான்.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கணினிக்குப் பூப்போட்ட உறையை மாட்டுவார். நாலு ஐம்பத்தேழுக்குக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார். நாலு ஐம்பத்தொன்பதுக்குக் குடையோடு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், ரேஸுக்கு நிற்கிற மாதிரி. ஐந்துக்கு ஆளைக் காணக்கிடைக்காது. ஒருநாள் டிரெக்டர் ஃபைல் ஒன்றோடு படிக்கட்டுவரை துரத்திக்கொண்டு போனார்.

"ஐசே, பொறும்! ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து!"

இவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் குறுக்கே நீட்டினார். "நாளைக்கு எட்டரைக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எனக்குப் பக்கத்து மேசை பாஹிமா வாயில் கைவைத்தாள். "அல்லாஹ்வே, இது மனிசனா, ரயில் கேட்டா? விழுந்தா பிறகு எவன் ஹோர்ன் அடிச்சாலும் எழும்பாது போல ஈக்கிதே!"

அன்றிலிருந்து அவர் ரயில் கேட் ஆனார். அவருக்கும் அந்தப் பெயரில் ஆட்சேபணை இருக்கவில்லை. "கேட் கீப்பர் அரசாங்க உத்தியோகம்தானே" என்றார்.

டிரெக்டர் சும்மா விடவில்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஃபைல்களைக் கொண்டுவந்து அவர் மேசையில் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். ரயில் கேட் அண்ணன் அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து வைத்தார். மேலே ஒரு துவாரம், முன்பக்கம் பூட்டு, பூட்டுக்கு மேலே 'நாளை' என்று ஒரு தாள். டிரெக்டரின் பிறந்தநாளன்று கேக் வெட்டும்போது ஐந்து பத்து. இவர் போய்விட்டார். இவருடைய கேக் துண்டைப் பாஹிமா அந்தத் துவாரத்தால் உள்ளே போட்டுவிட்டாள். மறுநாள் எட்டரைக்குப் பெட்டியைத் திறந்தார். எறும்புகளைப் பொறுமையாகத் தட்டிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டார். பத்தரைக்கு டிரெக்டர் வந்ததும் அறைக்குள் போய்க் கதவடியில் நின்று, ஹெப்பி பர்த்டே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தனியாளாகப் பாடி, தனியாளாகவே கை தட்டிவிட்டு வந்தார்.

அடுத்ததாக டிரெக்டர் ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினார். பெயர், 'நாங்கள் ஒரே குடும்பம்'. விடியற்காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ வரும். அதற்குப் பின்னால் 'குட் மோர்னிங்' வரும். அதற்குப் பின்னால் ஒரு கொன்டெய்னர் நம்பர் வரும். ரயில் கேட் அண்ணன் அந்தக் குரூப்பில் எழுதிய ஒரேயொரு செய்தி இதுதான்: "சார், எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குதுங்க. ரெண்டாவது ஒண்ணு வச்சிருக்கேன்னு தெரிஞ்சா வீட்டுல சேத்துக்க மாட்டாங்க." அடுத்த வரியில் அவர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார் என்று போன் அறிவித்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்பீர்கள். நான் 'ஓம் சேர்' என்று இருந்தேன். முதல் நாள் மனேஜர் ஆசை இல்லை என்று சொன்னவள்தான். ஆறு மாதத்தில் அந்த ஆசை எனக்கும் தொற்றிவிட்டது. நான் கண்டுபிடித்த வழி, எதற்கும் இல்லை என்று சொல்லாமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை வரமுடியுமா? ஓம் சேர். போயா விடுமுறை நாளில்? ஓம் சேர். என் தங்கச்சியின் கலியாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டுகிற நேரம் போன் அடித்தது. எடுத்தேன். அந்த வீடியோவை இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம். மேளம் உச்சத்தில் இருக்கும், ஐயர் கை உயர்த்துவார், அட்சதை பறக்கும், அதற்கு மேலால் என் குரல் கணீரென்று கேட்கும்: "கொன்டெய்னர் இன்னும் இறங்கேல்ல சேர்!" தங்கச்சி என்னோடு நாலு மாதம் கதைக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு அந்த மனிதர் எங்கேதான் போகிறார் என்பது ஒஃபிஸின் பெரிய மர்மம். இரண்டாவது வேலை செய்கிறார் என்றார்கள். பாஹிமா அதற்கும் மேலே போனாள். "எனக்கு விளங்கிட்டு. இவருக்கு இன்னொரு ஊடு ஈக்கிது. நீ வெள்ளவத்தையிலதானே ஈக்கிறாய்? அவர் ஏறுற பஸ்ஸும் அதே பக்கம்தான் போற. பின்னால போய்ப் பாத்துட்டு வந்து செல்லு."

ஒருநாள் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு அவர் ஏறிய பஸ்ஸில் பின்கதவால் ஏறினேன். வெள்ளவத்தையில் இறங்கினார். ஒரு ஒடுங்கிய ஒழுங்கையால் கடற்கரைப் பக்கம் நடந்தார். தண்டவாளத்தைக் கடந்து, அவித்த கடலை ஒரு சுருள் வாங்கிக்கொண்டு, பாறை ஒன்றில் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார். கடலை சாப்பிட்டார். பிறகும் கடலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் நான் ஒரு ஓட்டோவுக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போனேன்.

"தங்கச்சி" என்றார் திரும்பாமலே. "பின்னால வர்றதுன்னா இவ்வளவு பெரிய மஞ்சக் குடை பிடிச்சுக்கிட்டு வரக்கூடாது. வாங்க, கடலை மிச்சம் இருக்கு."

வெட்கத்தோடு போய் உட்கார்ந்தேன். "இங்க என்ன அண்ணே செய்யிறீங்கள்?"

"ஒண்ணும் செய்யல."

"ஒவ்வொரு நாளுமோ?"

"மழையில்லாத நாள்ல எல்லாம். இங்க இருந்துட்டு ஆறரைக்கு வீட்டுக்குப் போவேன். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுப்பேன். எனக்குத் தெரியாததை அவ எனக்குச் சொல்லிக்குடுப்பா."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. குறைந்தபட்சம் ஒரு நோயாளித் தாயாவது இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். "இதுக்காகவோ டிரெக்டரோட இவ்வளவு சண்டை? கொஞ்சம் பிந்தி நிண்டால் எப்பவோ மனேஜர் ஆகியிருப்பீங்களே!"

"எங்க அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க" என்றார். "பின்னேரம் கொழுந்தத் தராசுல நிறுத்துட்டாங்கன்னா கூடையக் கவுத்துருவாங்க. அதுக்குப் பொறகு தொரையே வந்து நின்னாலும் மலை ஏற மாட்டாங்க. அவங்களுக்கே அந்த உரிமை இருந்துச்சு. நான் டை வேற கட்டியிருக்கேன்."

"சரி, மனேஜர் ஆனால் என்ன செய்வீங்கள்?"

அவர் கண்கள் பளபளத்தன. "மொத வேலையா ஒஃபிஸ அஞ்சு மணிக்குப் பூட்டுவேன்."

மறுநாள் பாஹிமாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவேயில்லை. "சும்மா ஈக்கிறதுக்கு ஒரு மனிசன் பஸ் ஏறிப் போவானா?" என்று கேட்டு, நானும் அவருடைய கட்சியில் சேர்ந்து எதையோ மறைப்பதாக முடிவுகட்டினாள்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் மனேஜர் குடும்பத்தோடு கனடா போனார். பதவிக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தோம். ரயில் கேட் அண்ணனும் நானும். விஷயம் தெரிந்ததும் அவர் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, மொத நாள் நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"ஓம் அண்ணே. அப்ப ஆசை இருக்கேல்ல. இப்ப வந்திட்டுது."

கையிலிருந்த ரூலரை மற்றக் கைக்கு மாற்றினார். "வரத்தான் செய்யும். நல்ல ஆசைதான்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

டிரெக்டர் இன்டர்வியூவை வேண்டுமென்றே நாலே முக்காலுக்கு வைத்தார். ரயில் கேட் அண்ணன் கோட்டும் போட்டுக்கொண்டு முதலில் உள்ளே போனார். கதவு அரைவாசி திறந்திருந்தது. வெளியே நாங்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். டிரெக்டர் சுங்கச் சட்டம் கேட்டார், இவர் பிசகாமல் சொன்னார். துறைமுக விதி கேட்டார், இலக்கத்தோடு சொன்னார். அந்த மனிதருக்குப் போகவேண்டிய பதவி அது என்று எனக்கே தெரிந்தது. மணிக்கூடு ஐந்தை நெருங்கியது. டிரெக்டர் சாய்ந்து உட்கார்ந்து, "சரி ஐசே, உம்மட பெரிய பலம் என்னெண்டு சொல்லும் பாப்பம்" என்றார்.

"பலம் வந்துங்க சார்... நான் ஒரு காரியத்த ஆரம்பிச்சிட்டேன்னா அத முடிக்காம—"

ஐந்து மணி. எழும்பினார். குடையை எடுத்தார். வணக்கம் வைத்தார். போய்விட்டார்.

டிரெக்டர் திறந்த வாய் திறந்தபடி இருந்தார். மறுநாள் எட்டரைக்கு ரயில் கேட் அண்ணன் நேரே டிரெக்டரின் அறைக்குள் போனார். அங்கே ஒருவரும் இல்லை. வெறும் நாற்காலிக்கு முன்னால் நேராக நின்று, "—விடவே மாட்டேங்க சார்" என்று சொல்லி வசனத்தை முடித்துவிட்டு வெளியே வந்து தன் வேலையைப் பார்த்தார்.

பதவி எனக்குக் கிடைத்தது. அன்று மத்தியானம் அவர் லாச்சியைத் திறந்து, துணியைப் பிரித்து, அந்தப் பொன்னெழுத்துப் பலகையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வாழ்த்துகள் என்றார். நான் வாங்க மறுத்தேன்.

"நல்லா இருக்கட்டும். பல வருசமாத் தொடச்சி வச்சிருக்கேன், பளபளன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மனேஜர் ஆனதும் எனக்குக் கொம்பு முளைத்தது. நாலே முக்கால் வியாதி என்னையும் பிடித்தது. ஒருநாள் ஒரு கொன்டெய்னர் நிறையப் பிளாஸ்டிக் வாளி வந்து துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. வாளிக்காரர் நாளைக்கே வேண்டும் என்று நின்றார். டிரெக்டர் என் தலைமேல் நின்றார். நான் ரயில் கேட் அண்ணனின் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இண்டைக்கு மட்டும். அவசரம்."

"என்னா சாமான் தங்கச்சி? மருந்தா?"

"வாளி."

"நாளைக்கு வாளி வரலைன்னா யாருக்காவது உசிரு போயிருமா?"

"எனக்குப் போகும்!" என்று கத்தினேன்.

அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "அதுதாங்க எனக்கும் பயமா இருக்கு" என்றார். மணி ஐந்து. போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த 'நாளை' பெட்டியைக் காலால் உதைத்தேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பெருவிரல் வீங்கிப்போனது.

வாளிக்காக இரண்டு நாள் பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக நின்றேன். மூன்றாம் நாள் காலை, வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி ஃபிளட்ஸ் லிஃப்டுக்குள் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் களுபோவில ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி. நான் கண்ணைத் திறக்காமலே "வாளி... வாளி..." என்று முனகினேனாம். கூட வந்த பக்கத்து வீட்டு அன்ரி பதறிப்போய், "பிள்ளைக்குச் சத்தி வருதாம், வாந்தியெடுக்க வாளி கேக்கிறா!" என்று தாதிக்கு விளங்கப்படுத்த, அவர் ஓடிப்போய் ஒரு வாளி கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கண் திறந்தபோது நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. அதைப் பார்த்து நான் அழுத அழுகையில் வார்டே எழும்பிவிட்டது.

பிரஷர் ஏறியிருக்கிறது, உடம்பில் சத்தில்லை, இரண்டு கிழமை, பதினாலு நாளும், அசையக்கூடாது என்றார் டொக்டர். டிரெக்டர் அன்றைக்கே எட்டுத் தரம் போன் கோல் எடுத்தார். முதல் தரம் சுகம் விசாரித்தார். மிச்சம் ஏழும் வாளி. கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மா கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டார்: "மகள், நீங்கள் இங்க வருத்தமெண்டு வந்தனீங்களோ, இல்லாட்டி வேலைக்குச் சேர்ந்திருக்கிறீங்களோ?"

ரயில் கேட் அண்ணன் வந்தார். நோயாளரைப் பார்க்கிற நேரம் ஆறு மணியோடு முடியும். கொட்டாஞ்சேனையில் ஐந்துக்குப் புறப்பட்டு, சன நெரிசலில் இரண்டு பஸ் மாறி, ஆறுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் கையில் ஒரு செவ்விளநீரோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். ஏழு நிமிடம் உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கடற்கரைக்குப் போகாமல் இங்கே வருகிறார் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

"அண்ணே, நான் மனேஜர் வேலையை விட்டுவிடுறன். நீங்கள் எடுங்கோ" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா பேச்சு இது? ஒங்களுக்கு மூளை இருக்கு, வெறி இருக்கு. அந்த நாக்காலி ஒங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. உசிரோட ஒக்காருங்கன்னுதான் சொல்றேன். நீங்க செத்துட்டா அந்தப் போஸ்ட் எனக்குத்தான் வரும். அப்படி வந்தா அதுல ருசி இருக்குமா?"

நான் சிரித்தேன். சேலைன் ஊசி குத்திய இடம் நொந்தது. அப்போது போன் அடித்தது. டிரெக்டர். ரயில் கேட் அண்ணன் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். 'ஓம் சேர், ஓம் சேர்' என்று முடிப்பதற்குள் மணியடித்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு நிமிடத்தில் மிச்சமிருந்ததும் வீணாய்ப் போயிற்று. அவர் வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போனார். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

இதற்கிடையில் ஒஃபிஸில் வேறு வழியில்லாமல் டிரெக்டர் அவரைத் தற்காலிக மனேஜர் ஆக்கியிருந்தார். முதல் கிழமை அவர் பொறுமையாக இருந்தார். இரண்டாவது கிழமை திங்கட்கிழமை, எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார்: "இன்னியிலருந்து அஞ்சு மணிக்கு ஒஃபிஸ் பூட்டப்படும். ஒஃபிஸ் போன், கைப் போன் எல்லாம் நிப்பாட்டப்படும்." வாளி கொன்டெய்னரை அவர் அதற்குள் வேலை நேரத்திலேயே வெளியே எடுத்திருந்ததால் டிரெக்டராலும் ஒன்றும் பேசமுடியவில்லை.

அன்று நாலே முக்காலுக்கு டிரெக்டர் "ஒரு சின்ன விசயம்" என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. கோபத்தோடு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு ஃபைல் தேடுவதற்குக் களஞ்சிய அறைக்குள் போனார். ஃபைல்கள் எங்கே வசிக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு ரயில் கேட் அண்ணன் கதவடியில் நின்று, "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கேட்டார். டிரெக்டருக்குக் கேட்டது. ஆனால் பதில் சொல்லவில்லை. பிறகு அதற்கு அவர் கொடுத்த விளக்கம்: "என்ர ஒஃபிஸுக்குள்ள நான் இருக்கிறன் எண்டு நான் ஏன் ஐசே சொல்லவேணும்?"

இரும்புக் கேட் இழுபட்டது. பூட்டு விழுந்தது.

டிரெக்டர் ரயில் கேட் அண்ணனுக்குப் போன் கோல் எடுத்தார். நிற்பாட்டியிருந்தது. பாஹிமாவுக்கு எடுத்தார். நிற்பாட்டியிருந்தது. வீட்டுக்கு எடுக்கலாம்தான். ஆனால் பத்து நிமிடத்துக்கு முன்புதான், முக்கியமான மீட்டிங், வரச் சுணங்கும் என்று மனைவிக்குச் சொல்லியிருந்தார். கடைசியில், எந்த நேரமும் எந்த இடத்திலும் போன் எடுக்கும் ஒரேயொரு சீவனுக்கு எடுத்தார்.

களுபோவிலவில் என் தலைமாட்டில் போன் அடித்தது. டிரெக்டர் என்று பெயர் மின்னியது. அவர் பூட்டப்பட்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு வாளி என்று நினைத்தேன். விரல் வழக்கம்போல் நீண்டது. பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஒரு துணிச்சல். போனைத் தலையணைக்குக் கீழே தள்ளி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தேன். தலைக்குக் கீழே அது பதினொரு தரம் அதிர்ந்தது. பதினோராம் தரம் நான் தூங்கிவிட்டேன். சேர்ந்து மூன்று வருடத்தில் அப்படியொரு தூக்கம் எனக்கு வந்ததில்லை.

அங்கே கொட்டாஞ்சேனையில் டிரெக்டர் பல்கனிக்கு வந்து கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் தெருவில் போனவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள். பிறகுதான் விளங்கியது. கீழே ஹார்ட்வெயார் கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த ஏணி ஒன்றைச் சாத்தினார். சனம் கூடிவிட்டது. பஸ்கள் மெதுவாக்கின. "பய வென்ன எபா, மாத்தயா!" என்று ஓட்டோக்காரர்கள் கீழிருந்து சிங்களத்தில் தைரியம் சொல்ல, பயப்படவேண்டாமாம் என்று ஒரு பெண் அதைத் தமிழிலும் சொல்ல, பூப்போட்ட பதிக் சேர்ட் காற்றில் பறக்க டிரெக்டர் ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் சனம் கைதட்டியது. வெட்கத்தில் எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர் எட்டரைக்கே வந்தார். வேலையிலிருந்து நீக்கும் கடிதம் கையில் இருந்தது. ரயில் கேட் அண்ணன் உண்மையாகவே பயந்துபோய் எழும்பி நின்றார்.

"மன்னிச்சுக்கங்க சார். மூணு தரம் கேட்டேங்க..."

அந்த நேரம் மேசைப் போன் அடித்தது. பதற்றத்தில் அவர் எடுக்கும்போது ஸ்பீக்கர் பட்டன் அமுங்கிவிட்டது. டிரெக்டரின் மனைவி.

"தம்பி, மனேஜரோ கதைக்கிறது? நேற்று இவர் ஏழு மணிக்கெல்லாம் வீட்டை வந்திட்டார். எங்களோட இருந்து சாப்பிட்டார். சின்னவன் ஆர் வந்திருக்கிறது எண்டு கேக்கிறான். நீங்கள் பூட்டினதெண்டு கேள்விப்பட்டன். இண்டைக்கும் ஒருக்காப் பூட்டுவீங்களோ?"

ரயில் கேட் அண்ணன் டிரெக்டரைப் பார்த்தார். டிரெக்டர் கூரையைப் பார்த்தார்.

"கட்டாயம் பூட்டுறேங்க மேடம்" என்றார் இவர். "ஆனா இன்னிக்கு சார வெளிய எடுத்து வச்சிட்டுப் பூட்டுறேன்."

கடிதம் மடிந்து டிரெக்டரின் பொக்கெட்டுக்குள் போனது. பிறகு அது வெளியே வரவேயில்லை. இவ்வளவும் பாஹிமா ஆஸ்பத்திரிக்கு வந்து நடித்துக் காட்டியது. ஏணிக் காட்சிக்கு அவள் கட்டிலின் மேலேயே ஏறிவிட்டாள்.

நான் திரும்பிப்போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஐந்தரைக்கு மேல் என் போன் எடுபடாது என்று டிரெக்டரிடம் சொன்னேன். "சரி சரி" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். இவ்வளவுதானா என்று இருந்தது. மறுவருடம் வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கிளை திறந்தபோது, அதற்கு யாரை மனேஜராகப் போடவேண்டும் என்று நான் இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் ரயில் கேட் அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எழும்பினார், உட்கார்ந்தார், எழும்பினார். ஏழாவது தரம் உட்கார்ந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலால் கடல் தெரிகிறது, வேலை நேரத்தில் பார்க்கக்கூடாது என்று உடனே எழும்பிப்போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

எனக்கு இப்போது வேறு வேலை, வேறு இடம். போன மாதம் புது ஒஃபிஸில் காப்புறுதிக்காக ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அவசர நேரத்தில் யாரைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு கட்டம். என் கூடப்பிறந்த அண்ணன்மார் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் யோசிக்காமல் ஒரு பெயரும் நம்பரும் எழுதினேன். படிவத்தை வாங்கிய பிள்ளை பேனாவால் அந்த இடத்தைத் தட்டினாள்.

"மிஸ், உறவுமுறை அண்ணன் எண்டு போட்டிருக்கிறீங்கள். ஆனா உங்கட இனிசியல் வேற, இவரிட இனிசியல் வேறயே?"

"ஓம்" என்றேன். "அது அப்படித்தான் இருக்கும். மாத்தவேண்டாம்."